பழைய போர்ஷேயின் செலவுக் கணக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

புதிய சிறிய கார் ஒன்றின் விலையில் பாதி கையில் இருந்தால், பிரிட்டனில் இன்று 1999-ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டர் ஒன்றை வாங்கிவிடலாம். இருக்கைகளுக்குப் பின்னால் ஆறு சிலிண்டர் இன்ஜின், மடக்கித் திறக்கும் துணிக்கூரை, சாலையின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் உள்ளங்கைக்குச் சொல்லும் ஸ்டீயரிங். லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கும் நம்மவர்கள் இந்தக் காரைப் பற்றி விசாரிக்கும்போது கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "வாங்கிவிடலாம், வைத்துக் காப்பாற்ற முடியுமா?"

இதற்கு இரண்டு பதில்கள் ஊரில் உலவுகின்றன. சொத்தை விற்க நேரும் என்பது ஒன்று. விலை இறங்கிய காருக்குப் பெரிய செலவு ஏது என்பது இன்னொன்று. இரண்டையும் நம்பி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். பழைய ஸ்போர்ட்ஸ் காரின் செலவைத் தீர்மானிப்பது முன்னால் ஒட்டியிருக்கும் சின்னமும் அல்ல, மீட்டரில் தெரியும் கிலோமீட்டரும் அல்ல. முன்பு வைத்திருந்தவர்கள் செய்யாமல் தள்ளிப்போட்ட வேலைகளே அதைத் தீர்மானிக்கின்றன. அந்தப் பாக்கி முழுவதும் காரோடு சேர்ந்து உங்கள் வாசலுக்கு வருகிறது.

"விலை இறங்கிவிட்டது, செலவும் இறங்கியிருக்கும்"

பாக்ஸ்டரின் முதல் தலைமுறைக்குத் தொழிற்சாலைப் பெயர் 986. அமெரிக்காவில் 1997-இல் அது விற்பனைக்கு வந்தபோது விலை ஏறக்குறைய 40,000 டாலர். பழைய காரின் விலையை வாங்குபவர்களின் ஆசையும் அச்சமும் நிர்ணயிக்கின்றன. உதிரிபாகத்தின் விலைக்கு அந்தச் சலுகை இல்லை. அது 40,000 டாலர் காருக்கான பாகமாகவே இருக்கிறது. மெக்கானிக்கின் ஒரு மணிநேரக் கூலியும் வண்டியின் வயதைப் பார்த்துக் குறைவதில்லை.

ஒரு சாதாரண ஆயில் மாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். சிறிய குடும்பக் காருக்கு 4 லிட்டர் போதும். பாக்ஸ்டர் 8 லிட்டருக்கு மேல் குடிக்கும், அதுவும் உயர்தர சிந்தெடிக் ஆயில். முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு அளவு என்பதால் டயர்களை முன்பின்னாக மாற்றிப் போட்டு ஆயுளை நீட்டவும் வழியில்லை. 17 அங்குலச் சக்கரம் பூட்டிய வண்டியில் முன்னால் 205, பின்னால் 255 மில்லிமீட்டர் அகலம். பின் டயர்கள் முதலில் தேயும், அவைதான் விலையும் கூடியவை. இன்ஜினைக் கண்ணால் பார்ப்பதே ஒரு வேலை: கூரையைப் பாதி தூக்கி நிறுத்தி, கம்பளத்தை விலக்கி, மூடியைக் கழற்ற வேண்டும். கிளட்ச் மாற்ற வேண்டுமென்றால் வண்டியை உயர்த்தி கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். அந்த ஒரு வேலைக்கே பிரிட்டனில் பில் ஆயிரம் பவுண்டைத் தாண்டுவது சாதாரணம்.

விலை சரியச் சரிய கார் யார் கைக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முதல் உரிமையாளர் சர்வீஸ் புத்தகத்தின்படி எல்லாவற்றையும் செய்திருப்பார். நான்காவது, ஐந்தாவது உரிமையாளர் காரின் விலையையே தட்டுத் தடுமாறிப் புரட்டியிருப்பார். கிளட்ச் நழுவ ஆரம்பித்ததும் விளம்பரம் கொடுத்துவிடுவார். சந்தையிலேயே மலிவான பாக்ஸ்டர்தான் பெரும்பாலும் மிக அதிகச் செலவு வைக்கும் பாக்ஸ்டர். ஒரே வகைக் கார்களில் விலை கூடுதலாகச் சொல்லி, கூடவே கட்டுக்கட்டாக ரசீதுகளை நீட்டுபவரிடம் வாங்குவதே என் வழி. வாங்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைக்க முடியாவிட்டால் இன்னும் ஓராண்டு பொறுக்கலாம்.

நல்ல செய்தியும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் போர்ஷே பணநெருக்கடியில் தத்தளித்தது. செலவைக் குறைக்க, பாக்ஸ்டரையும் 911 என்ற தன் இன்னொரு காரின் 996 தலைமுறையையும் சேர்த்தே வடிவமைத்தார்கள். முன்பக்க விளக்கு, பானெட், கதவு வரை இரண்டுக்கும் பொது. அன்று 911 பிரியர்கள் இதைச் சொல்லிச் சொல்லிக் கொதித்தார்கள். இன்று பாக்ஸ்டர் வைத்திருப்பவருக்கு அது வரம்: இரண்டு வகைக் கார்களுக்கும் பொதுவான பாகங்கள் என்பதால் புதிதாகவும் கிடைக்கின்றன, உடைத்த வண்டிகளிலிருந்தும் கிடைக்கின்றன.

"ஐ.எம்.எஸ். பேரிங் உடையும், இன்ஜின் போய்விடும்"

இந்தக் காரைப் பற்றி ஒரே ஒரு செய்தி கேள்விப்பட்டவர்களும் கேள்விப்பட்டிருப்பது இதைத்தான். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் சொல்லப்படும் அளவு தவறு.

எம்96 என்ற அந்த இன்ஜினில் கிராங்க் தண்டுக்குக் கீழே ஒரு இடைத்தண்டு (ஐ.எம்.எஸ். என்பது அதன் ஆங்கிலச் சுருக்கம்) சுழல்கிறது. கேம் தண்டுகளைச் சுழற்றும் சங்கிலிகளுக்கு விசை அதிலிருந்து போகிறது. இடைத்தண்டின் ஒரு முனையை, கியர்பாக்ஸ் பக்கத்தில், ஒரு பால் பேரிங் தாங்குகிறது. கிரீஸ் அடைத்து முத்திரையிட்ட பேரிங் அது. வருடக்கணக்கில் சூடான ஆயிலில் கிடந்து முத்திரை தளர்கிறது. உள்ளே கசியும் ஆயில் கிரீஸைக் கரைத்துக் கழுவிவிடுகிறது, ஆனால் அந்த ஆயில் உள்ளே புதுப்பிக்கப்பட்டு ஓடுவதில்லை. பேரிங் வறண்டு தேய்ந்து நொறுங்கினால் சங்கிலியின் ஒழுங்கு குலையும், வால்வுகள் பிஸ்டனில் மோதும். அதன்பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை, வேறு இன்ஜின்தான்.

எத்தனை கார்களில் இது நடந்தது? அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2013-இல் சமரசத்தில் முடிந்தது. 2001 மே மாதத்துக்கும் 2005 பிப்ரவரிக்கும் இடையே தயாரான பாக்ஸ்டர், 911 கார்கள் அதில் அடங்கின. அந்த வழக்கை ஒட்டி வெளிவந்த கணக்கின்படி, இரட்டை வரிசைக் குண்டுகள் கொண்ட ஆரம்பகாலப் பேரிங்கில் பழுது 1 சதவீதத்துக்கும் கீழே. அதற்குப் பின் வந்த ஒற்றை வரிசைப் பேரிங்கில் 8 சதவீதம் அளவில். எட்டு சதவீதம் சிறிய எண் அல்ல. உங்கள் கார் அந்த எட்டில் ஒன்றாகிவிட்டால் அது உங்களுக்கு நூறு சதவீதம்தான். அப்படியிருந்தும் எல்லா பாக்ஸ்டரும் ஒருநாள் வெடிக்கும் என்ற பேச்சுக்கும் இந்தக் கணக்குக்கும் வெகுதூரம்.

எனவே தேடும்போது ஆண்டு முக்கியம். 1997 முதல் 1999 வரையிலான கார்களில் இரட்டை வரிசை. 2000-த்திலிருந்து ஒற்றை வரிசை படிப்படியாக நுழைந்தது. 2006 முதல் 2008 வரையிலான இன்ஜின்களில் இன்னும் பெரிய பேரிங். அது உறுதியானது, ஆனால் இன்ஜினைப் பிளக்காமல் மாற்ற முடியாது. 2009-இல் வந்த புதிய இன்ஜினில் இடைத்தண்டே இல்லை.

செலவுக் கணக்கில் பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. முந்தைய இரண்டு வகைப் பேரிங்கையும் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கிளட்ச் மாற்றவும் அதையே இறக்க வேண்டும். கிராங்க் தண்டின் பின் ஆயில் சீல் இருப்பதும் அதே இடத்தில்தான். மூன்றையும் ஒரே கூலியில் முடித்தால் பேரிங்குக்குப் போகும் கூடுதல் செலவு பாகத்தின் விலையும் சிறிது உழைப்பும் மட்டுமே. பேரிங்குக்கென்று தனியாக ஒருமுறை, ஆறு மாதம் கழித்து கிளட்சுக்கென்று இன்னொருமுறை கியர்பாக்ஸை இறக்குபவர்தான் "போர்ஷே என்னைத் தின்றுவிட்டது" என்று புலம்புகிறார். கிளட்ச் மாற்றிய ரசீது இருந்து அதில் பேரிங் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், விற்பவரிடம் ஏன் என்று கேளுங்கள். ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் பழைய ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உலோகப் பொடி மின்னினால் இன்ஜினை அணைத்துவிட்டுக் காரணம் தேட இன்னும் நேரம் இருக்கிறது. அந்தச் சோதனைக்குக் காசே ஆகாது.

"குறைவாக ஓடிய கார்தான் நல்ல கார்"

இருபத்தைந்து வருடத்தில் 30,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய கார் என்றால் விளம்பரத்தில் அதையே கொட்டை எழுத்தில் போடுகிறார்கள், விலையையும் ஏற்றுகிறார்கள். நான் அத்தகைய காரைக் கூடுதல் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

காலம் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் தின்னும். அதற்கு வண்டி ஓட வேண்டிய அவசியம் இல்லை. பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் போர்ஷே, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்பதில்லை. டயரில் பட்டை ஆழமாக இருந்தாலும் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1412 என்றிருந்தால் 2012-இன் பதினான்காவது வாரம். பளபளப்பாகத் தெரிந்தாலும் அந்த நான்கு டயருக்கும் புதுவிலை ஒதுக்கிவிடுங்கள். கூலன்ட் தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது, பின் டிக்கியில் இருப்பது. வயதானால் விரிசல் விட்டுக் கம்பளத்தை நனைக்கும். ஆறு இக்னிஷன் காயில்களின் உறையும் வெடிக்கும், மழைநாளில் இன்ஜின் தட்டுத் தடுமாறும். 2002 வரையிலான கார்களின் பின் கண்ணாடி உண்மையில் கண்ணாடியே அல்ல, வளையும் பிளாஸ்டிக். மஞ்சளாகி மடிப்பில் கிழியும்.

இதைவிட மோசம், மரத்தடியில் நிறுத்தி மறந்த கார். கூரையின் அடிவாரத்தில் மழைநீர் வடியும் துளைகள் இருக்கின்றன. இலைச்சருகு அடைத்தால் நீர் உள்ளே இறங்கி இருக்கைக்கு அடியில் தேங்கும். அலாரத்தையும் சாவியை அடையாளம் காணும் அமைப்பையும் இயக்கும் மின்னணுப் பெட்டி அங்கேதான் இருக்கிறது. அது நனைந்தால் சாவியைத் திருப்பினாலும் கார் உயிர்பெறாது. முன் பம்பருக்குள் ரேடியேட்டர்களின் முன்னால் சேரும் சருகும் அப்படியே: ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஏ.சி. கன்டென்சரை அரிக்கும். பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்ய அரைநாள் போதும். வருடம் ஒருமுறை அந்த அரைநாளைக் கொடுக்காதவர் அடுத்த கோடையில் கன்டென்சருக்குப் பணம் கொடுக்கிறார்.

ஒவ்வொரு வருடமும் ஒழுங்காக ஓடி, அதற்கேற்ற ரசீதுகளோடு 1,30,000 கிலோமீட்டர் காட்டும் காரைத் தயங்காமல் பாருங்கள்.

"பெட்ரோலே ஆளை விழுங்கிவிடும்"

இல்லை. நிதானமாக ஓட்டினால் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 10 லிட்டர். வாரக்கடைசியில் எடுத்து வருடம் 5,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 500 லிட்டர். அதே வருடத்தில் இரண்டு பின் டயரும் ஒரு முழு சர்வீஸும் வந்தால் எது பெரிய தொகை என்று தாளில் போட்டுப் பார்த்தாலே தெரியும்.

"கம்பெனி சர்வீஸ் இல்லையென்றால் மதிப்புப் போய்விடும்"

உத்தரவாதக் காலத்தில் இது சரி. இருபது வயதுக் காருக்குச் சரியல்ல. இந்த இன்ஜினையே பல வருடமாகப் பிரித்துப் பூட்டும் தனிப் பட்டறைகள் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் வட அமெரிக்காவிலும் நிறைய உண்டு. வாங்கும்முன் பரிசோதனைக்கும் அவர்களிடமே கொண்டுபோங்கள், கொடுக்கும் கட்டணம் வீண்போகாது. இன்ஜின் கணினி எல்லை மீறிய சுழற்சிகளைப் பதிந்து வைத்திருக்கும் மாடல்களில் அதை அவர்கள் எடுத்துக் காட்டுவார்கள். கடுமையான வகைப் பதிவு இருந்தால் யாரோ ஐந்தாவது கியர் என்று நினைத்து மூன்றில் தள்ளியிருக்கிறார் என்று பொருள். வெறும் ஆக்ஸிலரேட்டரால் அந்த எல்லையைத் தொட முடியாது. சுழற்சியைக் கட்டுப்படுத்தும் அமைப்பு தடுத்துவிடும். விற்பவர் சொல்லாததை இந்தப் பதிவு சொல்லிவிடும்.

"பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே பணம் கரையும்"

புதுக் கார் வாங்கியவரின் மிகப்பெரிய செலவு எந்த ரசீதிலும் வராது. அது மதிப்பிறக்கம். முதல் மூன்று வருடத்தில் விலையில் பாதியை ஒட்டி இழக்கும் புதுக் கார்கள் ஏராளம். நல்ல நிலையில் உள்ள பாக்ஸ்டர் அந்தச் சரிவையெல்லாம் எப்போதோ முடித்துவிட்டது. வருடாவருடம் பராமரிப்புக்குக் கொடுக்கும் தொகையையும் புதுக் காரின் மதிப்பிறக்கத்தையும் அருகருகே எழுதினால், பழைய போர்ஷே மலிவாக முடியும் வருடங்களும் உண்டு. கிளட்ச் வரும் வருடத்தில் அல்ல. மூன்று, நான்கு வருடச் சராசரியில்.

அந்தச் சராசரியையும் தாங்க முடியாது என்பவருக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. 1989-இல் வந்த முதல் தலைமுறையின் எடை ஒரு டன்னுக்கும் கீழே, நான்கு சிலிண்டர், சின்ன டயர்கள். 60,000 மைலுக்கு ஒருமுறை டைமிங் பெல்ட், அவ்வளவுதான் பெரிய வேலை. அதன் எதிரி துரு. பின்சக்கரங்களுக்கு முன்னால் கீழ்விளிம்பை அழுத்திப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஓட்டும் இன்பத்தில் அது பாக்ஸ்டருக்குக் கீழே என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"வைத்திருந்தால் விலை ஏறும்"

ஒன்றரை லட்சத்துக்கும் மேல் தயாரான கார் 986. கடைசியாக 2004-இல் வந்த, போர்ஷேயின் 550 ஸ்பைடர் காரின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் பதிப்பு போன்ற சில மட்டும் எண்ணிக்கையில் குறைவு. அந்தப் பதிப்பில் 1,953 கார்கள்தான். மற்ற பாக்ஸ்டர்களைக் கூரைக்கடியில் பூட்டி வைத்து லாபம் பார்க்க நினைப்பவர் முத்திரைகளையும் டயர்களையும் தொட்டியையும் முதுமைக்குக் கொடுத்துவிட்டு, மேலே காப்பீடும் கட்டிக்கொண்டிருப்பார். இந்த ஞாயிற்றுக்கிழமை வானம் தெளிவாக இருந்தால் இன்ஜின் முழுதாகச் சூடேறும்வரை ஒரு மணிநேரமாவது ஓட்டுங்கள். பத்து நிமிடக் கடைத்தெரு ஓட்டத்தில் ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாவதில்லை.