பச்சை ஏடும் கற்றவர் பணிவும்

காரைக்காலை அடுத்த திருநள்ளாறு என்றதும் சனீஸ்வரரும் நள தீர்த்தமுமே நம் நினைவுக்கு வரும். அவ்வூருக்கு ஓர் ஏட்டின் வரலாறும் உண்டு. மதுரையில் திருஞானசம்பந்தருக்கும் சமணருக்கும் வாதம் நடந்தது. இரு சாராரும் தத்தம் ஏட்டைத் தீயில் இட வேண்டும் என்பது ஏற்பாடு. சம்பந்தர் சுவடியை அவிழ்த்தபோது கைக்கு வந்தது திருநள்ளாற்றுப் பதிகம். அந்த ஏடு கருகாமல் பச்சையாகவே இருந்தது என்று பெரியபுராணம் சொல்கிறது. அதனால் அதற்குப் பச்சைப் பதிகம் என்று பெயர்.

இதைக் கேட்டவர், வாதத்தில் வெல்பவரே கற்றவர் என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே ஏட்டைக் காத்தது இறையருள். அருள் செய்த காரியத்தை நம் புலமைக்கு வரவு வைக்கலாமா? அப்படியானால் கற்றவர் என்பவர் யார்?

அதே காவிரி நாட்டில் கும்பகோணத்தில் 1880ஆம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள். உ.வே.சாமிநாதையர் அங்குள்ள கல்லூரியில் தமிழாசிரியர். வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல நூல்களைப் பாடம் கேட்டவர். அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று அடுக்கினார். முதலியார் அதில் மகிழவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றார். ஐயர் படித்ததில்லை.

பட்டம் பெற்ற பண்டிதருக்கு இந்த இடத்தில் கோபம் வருவது எளிது. ஐயரோ அந்த நூலை வாங்கிப் படிக்கத் தொடங்கினார். அது சமணக் காப்பியம். அவர் கற்ற சைவ நூல்கள் அதன் சமயச் சொற்களுக்குப் பொருள் சொல்லவில்லை. கும்பகோணத்தில் சமணக் குடும்பங்கள் இருந்தன. சிந்தாமணியைப் புனித நூலாக வீட்டில் வைத்துப் பாராயணம் செய்பவர்கள் அவர்கள். ஐயர் அவர்கள் வீட்டுக்கே போய்ச் சந்தேகம் கேட்டார். 1887இல் சிந்தாமணி உரையோடு அச்சில் வந்தது. திருநள்ளாற்று ஏட்டின் வரலாற்றில் எதிர்வாதம் செய்தவர்களாக நிற்கும் சமணரின் வழிவந்தோர், இங்கே ஒரு சைவருக்கு ஆசான்களாக அமர்ந்தார்கள். கேட்டவருக்கு அதனால் சமயம் குறையவில்லை, அறிவு கூடியது.

ஊர் ஊராக ஏடு தேடிய அதே ஐயர், கரிவலம்வந்தநல்லூரில் கேட்ட செய்தி வேறு. அங்கே கோயிலில் இருந்த பழைய ஏடுகளை ஆகம முறை என்று சொல்லி, நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டார்களாம். இட்டவர்களுக்கும் பக்தி இருந்தது. ஏட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பொறுமைதான் இல்லை. எரிந்த ஏட்டை எந்தப் புலவராலும் மீட்க முடியாது.

மக்களே, நமக்கும் ஏடு உண்டு. 1841ஆம் ஆண்டு அரிகோபாலன் சீடர் அகிலத்திரட்டை எழுதினார். அதைத் தம் புலமையால் இயற்றியதாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை. திருமால் உரைக்க எழுதியதாகவே சொன்னார். இத்தனை பெரிய நூலை எழுதியவரே பணிந்து நிற்கும்போது, திருஏடு வாசித்து விளக்கம் சொல்லும் நாம் எப்படி இருக்க வேண்டும்?

மூன்று காரியங்களைக் கைக்கொள்வோம். முதலாவது, தெரியாத சொல்லுக்குத் தெரிந்ததுபோல் பொருள் சொல்லாதிருப்போம். சபையில் ஒருவர் சொன்ன தவறான பொருள் பல வீடுகளுக்குப் போய்விடும். இரண்டாவது, தெரிந்தவர் யாரானாலும் கேட்போம். பின்வரிசையில் இருக்கும் மூதாட்டிக்கு அந்தப் பழஞ்சொல் வீட்டு வழக்காகவே தெரிந்திருக்கும். மூன்றாவது, இரண்டு பிரதிகளில் ஒரு வரி வேறுபட்டால், பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்காமல், இரண்டையும் குறித்து வைப்போம். நமக்கு விளங்காதது நம் பேரப்பிள்ளைகளுக்கு விளங்கலாம்.

ஏட்டைச் சுமப்பவர் எல்லாரும் கற்றவர் அல்லர். ஏட்டின் முன்னே தம்மைச் சிறியவராக வைத்து, அடுத்தவருக்கு அதைக் கெடாமல் கொடுப்பவரே கற்றவர்.

அய்யா உண்டு.