கறிவேப்பிலையில் பெயர் தங்கிய வைத்தியர்

எமது வீடுகளில் பருப்புக்கும் இரசத்துக்கும் தாளிக்கும்போது கடுகோடு சட்டியில் விழுவது கறிவேப்பிலை. கடையில் சிறு பொட்டலமாக வாங்கி உறையவைத்துச் சேமிப்பவர்கள் பலர். பூச்சாடியில் நட்டு, யன்னலோரத்தில் வைத்து, டென்மார்க்கின் குளிர்காலம் முழுவதும் கைக்குழந்தையைப்போலப் பார்த்துக்கொள்பவர்களும் உண்டு. அந்தச் செடிக்குத் தாவரவியலார் இட்ட பெயர் முர்ரயா கோனிகீ. பெயரின் பின்பாதி கோனிக் என்ற வைத்தியரைக் குறிப்பது. அவர் தமிழ் மண்ணுக்கு வந்தது இந்த டென்மார்க்கிலிருந்துதான் என்பதை எம்மில் அநேகர் அறியார்.

தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம்பெற்று 1620இல் டேனியர் தரங்கம்பாடியில் கட்டிய கோட்டை இன்றும் கடலோரத்தில் நிற்கிறது. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அது பெரும்பாலும் டெனிஷ் ஊராகவே இருந்தது. 1706இல் சீகன்பால்கு அங்கு வந்து இறங்கியதும், பின்னர் தமிழ் அச்சகம் அமைத்ததும் பாடப்புத்தகங்களில் உள்ளவை. அந்த மிஷனுக்கென அனுப்பப்பட்ட வைத்தியர்களைப் பற்றித்தான் பேச்சில்லை.

அவர்களுடைய வாழ்க்கை இலேசானதல்ல. முதலில் வந்த ஷ்லேகல்மில்ஹ் 1730இல் கப்பலால் இறங்கிச் சில வாரங்களிலேயே இறந்துபோனார். நோய் தீர்க்க வந்தவரை நோயே கொண்டுபோயிற்று. அவருக்குப்பின் 1732இல் வந்த நோல், ஊர் திரும்பாமல் 1767இல் தாம் இறக்கும்வரை அங்கேயே வைத்தியம் பார்த்தார். ஐரோப்பாவிலிருந்து மருந்துப்பெட்டி வந்துசேரப் பல மாதம் செல்லும். அது தீர்ந்துபோனால் என்ன செய்வது? உள்ளூர் மூலிகைதான் வழி. மூலிகையை அறிந்தவர்கள் தமிழ் வைத்தியர்கள்.

இதை மிஷன்காரர் முன்னரே உணர்ந்திருந்தனர். சீகன்பால்குவின் துணைவரான குருண்ட்லர், தமிழ் ஏட்டுச்சுவடிகளை ஆதாரமாக வைத்துத் தமிழர் வைத்தியம் பற்றி 1711இல் ஜெர்மன் மொழியில் ஒரு நூலே எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அன்று ஐரோப்பியர் தமிழரை "மலபாரியர்" என்றே அழைத்ததால் நூலின் பெயரும் "மலபார் வைத்தியர்" என்றே அமைந்தது.

இனிக் கோனிக்கிடம் வருவோம். யொஹான் கெர்ஹார்ட் கோனிக் பிறந்தது 1728இல், இன்றைய லத்வியாவில். மருந்துக்கடையில் தொழில் பழகியவர். சுவீடனில் உப்சாலா நகரில், செடிகொடிகளுக்கு இரட்டைப்பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸிடம் பாடம் கேட்டார். பிறகு டென்மார்க் வந்தார். அப்போது கோப்பன்ஹேகனில் டெனிஷ் அரசின் நிலப்பரப்பிலுள்ள தாவரங்களையெல்லாம் படம் வரைந்து வெளியிடும் "புளோரா டானிகா" என்ற பெருநூல் வெளிவரத் தொடங்கியிருந்தது. (கோப்பைகளிலும் தட்டுகளிலும் அந்தப் படங்களை நீங்கள் கண்டிருக்கலாம், விலையைக் கேட்டால் கையை எடுத்துவிடுவோம்.) அந்த நூலுக்காக 1764, 1765ஆம் ஆண்டுகளில் ஐஸ்லாந்துக்குச் சென்று செடி சேகரித்தவர் கோனிக். அங்கு அவர் கண்ட விரல்நுனியளவுப் பூண்டு ஒன்றுக்கும் லின்னேயஸ் அவர் பெயரையே வைத்தார்.

பனிநாட்டிலிருந்து வெயில்நாட்டுக்கு, நோலின் இடத்துக்கு மிஷன் வைத்தியராக, 1768இல் கோனிக் தரங்கம்பாடி சேர்ந்தார். அங்கிருந்து காய்ந்த செடிகளைத் தம் ஆசானுக்கு அனுப்பிவந்தார். 1771இல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்கு "பெர்கெரா கோனிகீ" என்று பெயரிட்டார். 1825இல் ஸ்பிரெங்கல் அதை "முர்ரயா" இனத்தோடு சேர்த்தார். அண்மைக்காலத்தில் ஆய்வாளர் பலர் பழைய "பெர்கெரா" என்ற பெயருக்கே திரும்பிவிட்டனர். முன்பாதி எத்தனை முறை மாறினாலும் பின்பாதி மாறவில்லை.

1773இல் கோப்பன்ஹேகனில் கோனிக்கின் மருத்துவப் பட்ட ஆய்வேடு இலத்தீன் மொழியில் அச்சாகியது. அந்தந்த நாட்டுக்குரிய நோயைத் தீர்க்க அந்தந்த நாட்டு மருந்துகளுக்குள்ள ஆற்றலே அதன் பொருள். அவர் வாழ்வில் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது, கறிவேப்பிலைப் பெயரைவிட, இந்தத் தலைப்புத்தான். எம் பாட்டிமார் சுக்கும் மல்லியும் அவித்துத் தந்தபோது படிப்பறியாத வேலை என்று நகைத்த காலம் ஒன்றிருந்தது. அந்த அறிவின் ஒரு பகுதி 250 ஆண்டுக்கு முன்பே டெனிஷ் தலைநகரில் பட்டத்துக்கு உரிய பாடமாக இருந்திருக்கிறது.

மிஷன் சம்பளம் அவருடைய பயணங்களுக்குப் போதவில்லை. 1774இல், கடனுக்குப் பேர்போன ஆற்காட்டு நவாப்பிடம் வேலைக்குச் சேர்ந்தார். 1778இல் ஆங்கிலேயக் கம்பெனியின் சேவைக்கு மாறினார். சீயம், மலாக்கா என்று சுற்றித் திரிந்தார். அங்கே கண்ட இஞ்சிக் குடும்பத்துச் செடிகளை அவர் விபரித்து எழுதியவை, எமக்கு அக்கரையிலுள்ள லுண்ட் நகரத்துப் பேராசிரியர் ரெட்சியஸின் நூலில் 1783இல் வெளியாயின. 1785 ஜூன் 26ஆம் திகதி, காக்கிநாடாவுக்கு அருகே வயிற்றுக்கடுப்பால் காலமானார். வயது 56. தம் கையெழுத்துப் பிரதிகளை லண்டனில் ஜோசப் பாங்ஸுக்கு எழுதிவைத்திருந்தார்.

அவர் சேர்த்த செடிகளிற் பல கோப்பன்ஹேகன் தாவரச் சேகரத்தில் இன்றும் உள்ளன. ஆனால் "இது கறிவேப்பிலை, இன்ன நோய்க்கு ஆகும்" என்று சொல்லிக்கொடுத்த தமிழர் எவரின் பெயரும் எந்தச் செடியின் இலத்தீன் பெயரிலும் ஏறவில்லை. 1798இல் ஃபொலி என்ற தரங்கம்பாடிச் சத்திரவைத்தியர், உள்ளூர்த் தமிழ் வைத்தியர்களின் திறமையைப் பற்றித் தனியாகவே ஒரு குறிப்பு எழுதிவைத்தது ஓரளவு ஆறுதல்.

தமிழ்ப் பாடசாலையின் மேல்வகுப்பு மாணவருக்கு ஒரு வேலை: வீட்டில் உள்ள மூத்தவரிடம் கேட்டு, ஊரில் அவர்கள் மருந்தாகப் பயன்படுத்திய ஐந்து செடிகளின் பெயரையும் பயனையும் தமிழிலும் டெனிஷிலும் எழுதிவாருங்கள். சொன்னவரின் பெயரையும் மறவாமல் எழுதுங்கள்.