ஒளிக்கும் ஓர் அளவுண்டு

திருச்சிராப்பள்ளியில் 1888ஆம் ஆண்டு பிறந்த சர் சி. வி. இராமன், 1928ஆம் ஆண்டு கொல்கத்தாவில் கே. எஸ். கிருஷ்ணனுடன் ஆய்ந்து இராமன் விளைவைக் கண்டறிந்தார். ஒரு பொருளின்மீது பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறுகிறது என்பதே அவ்விளைவு. முதலில் அவர் கதிரவன் ஒளியைப் பயன்படுத்தி, அந்நுண்ணொளியைக் கண்ணாலேயே கண்டார். இன்றோ கதிரவனின் இடத்தில் லேசரும், கண்ணின் இடத்தில் ஒளியுணர் கருவிகளும் உள்ளன.

அக்கருவிகளுள் ஒன்று ஒளிப்பெருக்கிக் குழாய். அதன் முகப்பில் ஓர் ஒளித்துகள் பட்டால் ஓர் எலக்ட்ரான் வெளிப்படலாம். உயர் மின்னழுத்தத்தால் ஈர்க்கப்படும் அந்த எலக்ட்ரான், அடுத்தடுத்த தகடுகளில் மோதி ஒன்று பலவாகி, இறுதியில் ஏறத்தாழப் பத்து இலட்சமாகப் பெருகுகிறது.

இப்பெருக்கமே கருவியின் வலிமை. அதுவே அதன் மென்மையும் ஆகும். 1 மில்லிவாட் பச்சை லேசர், நொடிக்கு ஏறத்தாழ 2,700 இலட்சம் கோடி ஒளித்துகள்களை வீசுகிறது. அத்தகைய குழாயோ பொதுவாகச் சில நானோவாட் ஒளியையே தாங்கும். நானோவாட் என்பது மில்லிவாட்டின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அளவு மீறினால் மின்னோட்டம் மிகும், தகடுகள் தேயும், குழாய் மீளாப் பழுதடையவும் கூடும்.

ஆகவே, ஆய்வாளர் முதலில் லேசரின் திறனை அளப்பர். பின்னர், ஒளியைக் குறைக்கும் வடிப்பான்களை இடையில் வைப்பர். ஆயிரத்தில் ஒரு பங்கை விடும் வடிப்பான்கள் இரண்டு சேர்ந்தால், பத்து இலட்சத்தில் ஒரு பங்கே உட்செல்லும். இராமன் விளைவை ஆய்வோர், லேசரின் நிறத்தை மட்டும் தடுக்கும் வடிப்பானை வைப்பர். மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாகவே உயர்த்துவர்; குழாயைத் திறக்குமுன் அதனை நிறுத்திவிடுவர்.

குழாய் பழுதானால் வேறொன்று வாங்கலாம். கண் பழுதானால் வேறொன்று கிடைக்குமா? எனவே, விளையாட்டுக்காகவேனும் லேசரை எவர் கண்ணுக்கு நேராகவும் காட்டலாகாது.

சொற்பொருள்
நுண்ணொளி – மிக மங்கிய ஒளி
திறன் – நொடிக்கு வெளிப்படும் ஆற்றல்
வடிப்பான் – ஒளியின் ஒரு பகுதியைத் தடுக்கும் தகடு

பயிற்சி
1. ஒளிப்பெருக்கிக் குழாயின் வலிமையே அதன் மென்மையாவது எவ்வாறு?
2. ஒரு வடிப்பான் பத்தில் ஒரு பங்கு ஒளியையே விடும். 1 மில்லிவாட் ஒளியை 1 நானோவாட்டாகக் குறைக்க அத்தகைய வடிப்பான்கள் எத்தனை வேண்டும்?
3. பிரித்து எழுதுக: நுண்ணொளி, மின்னழுத்தம்.
4. லேசர் விளக்கை வைத்து விளையாடும் தம்பிக்கு அறிவுரை கூறி ஐந்து தொடர்கள் எழுதுக.