சாமுண்டி மலை ஏறிப் பார்க்கட்டும்

மைசூரு

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. கறுப்பு நிற பி.எம்.டபிள்யூ. 520டி, 2012 மாடல், டெல்லி பதிவு, புது ஸ்விஃப்ட் விலை. "எப்படி மாமா இதை விடறது?" என்று வேறு கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்று ஒரே சொல்லில் எழுதிவிடலாம். அந்த ஸ்டியரிங்கை ஒருமுறை பிடித்துப் பார்த்தவனுக்கு அந்தப் பதில் போதாது.

ஆசையில் தப்பில்லை. வேக வரம்பே இல்லாத நீண்ட பகுதிகளைக் கொண்ட ஜெர்மன் நெடுஞ்சாலையான ஆட்டோபானை மனதில் வைத்துச் செய்த கார்கள் பி.எம்.டபிள்யூ.வும் மெர்சிடிஸும். புனேயில் 1995-ல் மெர்சிடிஸ் தயாரிக்கத் தொடங்கிய டபிள்யூ124-ஐப் பார். முன்கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர்தான். ஆனால் அது மூலைப் பக்கம் போகும்போது நீளும், நடுவில் சுருங்கும். கண்ணாடியின் 86 சதவீதப் பரப்பைத் துடைத்துவிடும். அந்தக் காரின் கதவு சாத்தும் சத்தத்துக்காகவே அதை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் உண்டு.

இந்த ஆசைக்கு ஒரு புராணமும் இருக்கிறது. கிரேக்க நாட்டு டாக்ஸி ஓட்டுநர் கிரிகோரியோஸ் சச்சினிடிஸ், 1976-ல் செய்த மெர்சிடிஸ் 240டி ஒன்றை 1981-ல் பழைய காராகவே வாங்கினார். ஏறத்தாழ 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, 2004-ல் அந்த நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார். பழைய ஜெர்மன் கார் விற்பவர்கள் இந்தக் கதையை விடாமல் சொல்வார்கள். வழியில் இஞ்சின்களை மாற்றி மாற்றிப் பூட்டினார் என்பதைச் சொல்லமாட்டார்கள். அந்த 240டி-யில் கம்ப்யூட்டரே கிடையாது என்பதையும்.

நம் ஊரில் இதை விளக்குவது சுலபம். யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. ஆனாலும் அங்கே செய்த யெஸ்டி மோட்டார் சைக்கிள் இன்றும் மைசூரு தெருக்களில் ஓடுகிறது. ஸ்பேனரும் பழகிய காதும் இருந்தால் அதைப் பிரித்துப் பூட்டிவிடலாம். 520டி அந்த ஜாதி இல்லை. ஸ்கேனர் இல்லாமல் அதன் பல வியாதிகளைக் கண்டுபிடிக்கவே முடியாது.

கணக்குக்கு வருவோம். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் காரின் விலைதான் விழுகிறது. அதன் பாகங்களின் விலை விழுவதில்லை. நீ கொடுப்பது ஸ்விஃப்டின் விலை, பராமரிக்கப்போவதோ அன்றைக்கு ஷோரூமில் நாற்பது லட்சம் சொன்ன வண்டியை.

நீ பார்த்த காரையே எடுத்துக்கொள். அதன் டீசல் இஞ்சினுக்கு என்47 என்று பெயர். மற்ற பல இஞ்சின்களில் டைமிங் செயின் முன்பக்கம் இருக்கும். இதில் பின்னால், கியர் பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் தேய்ந்து தளர்வது இந்த இஞ்சினின் பேர்போன குறை. செயினுக்காகும் செலவு கொஞ்சம், அதைத் தொடுவதற்காக கியர் பாக்ஸையோ இஞ்சினையோ இறக்கும் கூலி அதிகம். இறக்காமல் விட்டு, ஓட்டத்தில் அறுந்தால் இஞ்சினே போய்விடும்.

கியர் பாக்ஸ் ஆயில் 'ஆயுளுக்கும் போதும்' என்பார்கள். அந்தக் கியர் பாக்ஸைச் செய்த இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. பல பி.எம்.டபிள்யூ.க்களில் ஸ்டெப்னி கிடையாது; ரன்ஃபிளாட் டயர், சாதா டயரைவிட விலை கூடுதல். மெர்சிடிஸ் பக்கம் போனால் ஏர் சஸ்பென்ஷன்: ரப்பர் பையில் மயிரிழை வெடிப்பு விழுந்தால், கசிந்த காற்றை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் கெடும். கம்ப்யூட்டர் குறைந்த டபிள்யூ124-லும் ஒரு வினை உண்டு. 1990-களின் முதல் பாதியில் வந்த பல மெர்சிடிஸ்களின் ஒயரிங் உறை, இஞ்சின் சூட்டில் காய்ந்து நொறுங்கும்.

அடுத்தது ஆர்.டி.ஓ. டெல்லியில் பத்து வயது தாண்டிய டீசல் கார் ஓடக்கூடாது என்ற தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அங்கிருந்து மலிவாகக் கார்கள் தெற்கே வந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். என்.ஓ.சி. வாங்கி இங்கே மறுபதிவு செய்யும்போது கர்நாடகா ஆயுள் வரி கேட்கும். புதிய கார் 20 லட்சத்தைத் தாண்டினால் வரி 18 சதவீதம். பழைய காருக்கு வயதைப் பொறுத்து விகிதம் குறையும். ஆனால் கணக்குப் போடுவது அந்தக் காரின் ஆரம்ப விலைக்கு. 2027-ல் 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. காப்பீட்டில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிப் பணம்தான் வரும். பத்து வயது தாண்டிய காரில் இரும்புப் பாகங்களுக்கும் அதே பாதி.

இவ்வளவுக்குப் பிறகும் மனசு கேட்கவில்லையென்றால், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போ. பானெட்டைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் உனக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடு. குளிர்ந்த இஞ்சின் கிளம்பும்போது அதன் பின்பக்கத்தில் கரகரவென்று உரசல் கேட்கிறதா என்று கவனி. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார். வெள்ளத்தில் மூழ்கிய காரை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் அடிநுனியில் சேற்றுக்கோடு தங்கிவிடும். டயரில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஓடோமீட்டர் குறைவாகக் காட்டினால், சர்வீஸ் பில்களின் தேதியோடு ஒத்துப்பார்.

பிறகு சாமுண்டி மலைக்கு விடு. ஏ.சி. ஓடட்டும். ஏற்றத்தில் சூட்டு முள் அசைகிறதா, கியர் மாறும்போது வண்டி உதறுகிறதா என்று பார். இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் கோணியிருக்கலாம். திரும்பும் வழியில் நந்தி சிலை அருகே ஏ.சி.யை அணைத்து, நிறுத்தி, கால் மணி நேரம் காத்திரு. அப்புறம் வண்டியை முன்னால் நகர்த்திவிட்டுத் தரையைப் பார். தண்ணீர் என்றால் பரவாயில்லை. எண்ணெய் என்றால் போன் பண்ணு. காபி போட்டு வைக்கிறேன், பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடு.

அன்புடன்,
மாமா