கேடயம் வாங்கியாச்சு, மனசு ஏன் நிறையலை?

பாடம்: தன்னைத் தானே வழிநடத்துதல்



குழு நடத்துவது எப்படி, கணக்கு எழுதுவது எப்படி, வங்கியில் பேசுவது எப்படி என்று நாம் நிறையப் பயிற்சி எடுத்திருக்கிறோம். குழுவை நடத்துகிற பெண் தன்னை எப்படி நடத்திக்கொள்வது என்பதை மட்டும் அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

ஒரு ஊக்குநர் அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடமாகக் குழு நடத்துகிறார். 15 உறுப்பினர்கள். கடன் திருப்பம் நூறு சதவீதம். வங்கி மேலாளர் எழுந்து வணக்கம் சொல்கிறார். கூட்டமைப்பு விழாவில் கேடயமும் வாங்கியாச்சு. ஆனால் ராத்திரி பாத்திரம் கழுவி முடித்துத் திண்ணையில் உட்காரும்போது, "இவ்வளவு செஞ்சு என்னத்தக் கண்டோம்" என்று ஒரு வெறுமை வருகிறது. யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால், "உனக்கென்னடி குறைச்சல்" என்பார்கள்.

கிராமங்களுக்குப் போகும்போது இப்படிப்பட்ட பேச்சை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். கூட்டத்துக்குள் அல்ல; கூட்டம் முடிந்து, பஸ் ஏற்றிவிட வரும்போது!

இது ஏன் வருகிறது?

முதல் காரணம், அளவுகோல். 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. அன்றிலிருந்து குழுக்கள் வளர வளர, குழுவை அளக்கும் முறையும் வளர்ந்தது. கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பம், கணக்கு என்ற பஞ்சசூத்திரம் நமக்கு மனப்பாடம். இவை குழுவுக்குத் தேவையான அளவுகோல்தான். ஆனால் தரம் பிரிக்க வருகிறவர் நோட்டைப் பார்ப்பார். உங்கள் மனசைப் பார்க்க மாட்டார். அது அவர் தப்பு இல்லை, அந்தத் தாளில் அதற்கு இடமில்லை. அந்த மார்க்கை நம் சொந்த வாழ்க்கைக்கான மார்க்காக நினைக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

இரண்டாவது காரணம், மறைத்து வைத்த பாரம். ஒரு உறுப்பினரால் மூன்று தவணை கட்ட முடியவில்லை. குழுவின் பெயர் கெடக்கூடாது என்று அந்த அக்கா தன் தோட்டை அடகு வைத்துக் கட்டிவிடுகிறார். வீட்டிலும் சொல்லவில்லை, குழுவிலும் சொல்லவில்லை. நோட்டில் நூறு சதவீதம். மேடையில் எல்லோரும் கை தட்டுகிறார்கள். ஆனால் அவர் பட்ட பாடு யாருக்கும் தெரியாது. தெரியாத கஷ்டத்தை யார் பாராட்ட முடியும்? அதனால்தான் அந்தக் கைதட்டல் அவர் மனசில் ஒட்டவில்லை.

மூன்றாவது காரணம் உடம்பு. ரத்தசோகை, தைராய்டு குறைபாடு இருந்தாலும் சோர்வும் வெறுப்பும் வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை ரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

சொல்வது பலவீனமா?

குழு தொடங்கிய நாளை நினைத்துப் பாருங்கள். "என் கையில காசு இல்ல, ஒத்தாசை வேணும்" என்று எல்லோரும் ஒத்துக்கொண்டதால்தானே குழுவே பிறந்தது? இன்றும் கடன் கேட்கிற உறுப்பினர் தன் கஷ்டத்தைச் சொல்லித்தான் கேட்கிறார். உறுப்பினர் சொன்னால் உரிமை, ஊக்குநர் சொன்னால் கேவலமா?

அந்த அக்கா ஒருநாள் கூட்டத்தில், "தோட்டை வெச்சுத்தான் கட்டினேன். இனி என்னால முடியல" என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே எல்லோரும் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லிவிட மாட்டார்கள். "அப்போ நோட்டுல இருந்தது பொய்யாக்கா?" என்று ஒருத்தர் கேட்கலாம். அந்தக் கேள்வி வலிக்கும். ஆனால் நியாயமான கேள்வி. அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை நடக்கும். பாக்கி வைத்தவர் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று பேசித் தீர்மானம் எழுதலாம். அடுத்த முறை தவணை தவறும் முன்பே வங்கியில் போய்ப் பேசலாம். ஒருத்தர் தலையில் இருந்த பாரம் 15 பேருக்குப் பிரியும்.

என்ன செய்யலாம்?

1. சொந்தக் கணக்கு பாருங்கள். வாரம் ஒருமுறை மூன்று கேள்வி. எதைச் செய்தபோது மனசு நிறைந்தது? எதைப் பெயருக்காக மட்டும் செய்தேன்? எதை மறைத்தேன்? எழுத வராதவர்கள் மனசுக்குள் கேட்டுக்கொண்டால் போதும்.

2. முதலில் ஒருவரிடம் சொல்லுங்கள். எல்லாவற்றையும் எல்லோரிடமும் கொட்ட வேண்டியதில்லை. வாயைக் காக்கிற ஒரு தோழி போதும். மனசு விஷயம் கூட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று குழுவில் கட்டுப்பாடு வையுங்கள். பண விஷயத்தை மட்டும் மறைக்காமல் நோட்டில் எழுதுங்கள்.

3. ஒரு வேலையைக் கைமாற்றுங்கள். வங்கிக்கோ கணக்கு எழுதவோ இன்னொருவரைப் பழக்குங்கள். பொறுப்பைச் சுழற்சி முறையில் மாற்றுவது நம்மைக் கழற்றிவிடுவது ஆகாது, அடுத்தவரை வளர்ப்பது.

4. உங்களுக்கென்று ஒன்று வையுங்கள். பூச்செடியோ, பாட்டோ, விட்டுப்போன படிப்போ. யாரும் மார்க் போடாத ஒரு காரியமாக இருக்கட்டும்.

கவனிக்க: இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்காதீர்கள். அது நோயாக இருக்கலாம், வைத்தியம் உண்டு. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே பேசுங்கள். தோழிக்கு அப்படி என்று தெரிந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் பேச:

1. நம் ஊக்குநர், பிரதிநிதியிடம் "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று நாம் கடைசியாக எப்போது கேட்டோம்?

2. கட்ட முடியாத உறுப்பினர் பயமில்லாமல் உண்மையைச் சொல்ல நம் குழுவில் இடம் இருக்கிறதா?

3. யாருடைய எந்த வேலையை இந்த மாதம் நாம் பங்கு போட்டுக்கொள்ளப் போகிறோம்?

மூன்றாவது கேள்விக்கான பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் பெயர் போட்டு எழுதிவிடுங்கள். அடுத்த முறை வரும்போது நாங்கள் அதைத்தான் முதலில் பார்ப்போம்.