பண்டோராவும் பிஎஸ்பியும்: சாவி யார் கையில்?



போன மாதம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும், நான்காம் படிவத் தம்பி ஒருவன் என் பையில் இருந்த இரண்டு கருவிகளைப் பார்த்துவிட்டான். ஒன்று சோனியின் பிஎஸ்பி. அது அவனுக்குத் தெரியும், அவன் அண்ணன் ஒரு காலத்தில் வைத்திருந்ததாம். இன்னொன்று மடித்து மூடும் குட்டி லேப்டாப் மாதிரி, கொஞ்சம் தடித்த கறுப்புப் பெட்டி. "அண்ணே, இது என்ன? இதுல எது பெஸ்ட்?" என்று கேட்டான். இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். அரை மணி நேரம் ஓடிவிட்டது, பஸ்ஸையும் விட்டுவிட்டேன். அன்று அவசரமாகச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கறுப்புப் பெட்டியின் பெயர் பண்டோரா. கையடக்கக் கணினி என்று சொல்லலாம், கேம் கருவி என்றும் சொல்லலாம். என் மாமா 2013-இல் நண்பர் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. மூன்று மாதம் வைத்து விளையாடிவிட்டு மேசை டிராயரில் போட்டுவிட்டார். பல்கலைக்கழகத்தில் எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் பிரிவில் இடம் கிடைத்தபோது, "உனக்குத்தான் இது உதவும், எடுத்துக்கோ" என்று கொடுத்தார். பிஎஸ்பி என் சொந்தச் சொத்து. யுபிஎஸ்ஆர் தேர்வில் 7ஏ எடுத்ததற்கு அப்பா பழையது ஒன்றை 200 ரிங்கிட்டுக்கு வாங்கிக் கொடுத்தார். இரண்டையும் தொட்டுப் பழகியவன் என்பதால்தான் ஒப்பிடத் துணிகிறேன்.

ஒப்பிடுவதற்கு ஒரு நல்ல காரணமும் இருக்கிறது. என்னிடம் இருப்பது பிஎஸ்பி-3000 வகை. அது கடைக்கு வந்தது 2008 அக்டோபரில். பண்டோராவுக்கு முன்பதிவு தொடங்கியது 2008 செப்டம்பர் 30. ஏறக்குறைய ஒரே வயது. இரண்டின் திரையும் 4.3 அங்குலம். அதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது.

பிஎஸ்பியின் திரையில் 480-க்கு 272 புள்ளிகள். பண்டோராவில் 800-க்கு 480. பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய மூன்று மடங்கு. பிஎஸ்பி-3000-இல் நினைவகம் 64 மெகாபைட், முதல் பண்டோராவில் 256. பிஎஸ்பியின் செயலி அதிகபட்சம் 333 மெகாஹெர்ட்ஸில் ஓடும். பண்டோராவில் இருப்பது டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரித்த ஓமாப் 3530 சிப், 600 மெகாஹெர்ட்ஸ். 43 பட்டன் கொண்ட கீபோர்டு, தொடுதிரை, இரண்டு எஸ்டி கார்டு துளை, யூஎஸ்பி, வைஃபை, புளூடூத் எல்லாம் உண்டு. பேட்டரி 4000 மில்லிஆம்பியர்-மணி. பிஎஸ்பி-3000-க்கு 1200 தான்.

இதை மட்டும் படித்தால் பண்டோரா ஜெயித்துவிட்டது போலத் தெரியும். கையில் எடுத்துப் பாருங்கள், கதை மாறும். பிஎஸ்பி 200 கிராமுக்குள், வழவழப்பாக விரல்களுக்குள் உட்கார்ந்துகொள்ளும். பண்டோரா 300 கிராமுக்கு மேல், செங்கல் மாதிரி. விலை அப்போது 330 அமெரிக்க டாலர். பிஎஸ்பிக்கு ஏறக்குறைய அதில் பாதிதான். அப்புறம் விளையாட்டுகள். காட் ஆஃப் வார், டெக்கன், மான்ஸ்டர் ஹன்டர் என்று பெரிய நிறுவனங்கள் பிஎஸ்பிக்காகவே எழுதின. பண்டோராவுக்காக எந்தப் பெரிய நிறுவனமும் எழுதவில்லை. பழைய விளையாட்டுகளை ஓட்டும் எமுலேட்டர்கள், ரசிகர்கள் கொண்டுவந்து சேர்த்த குவேக் 3, ஓப்பன்டிடிடி போன்றவைதான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஹாஸ்டலில் நண்பர்களோடு உட்கார்ந்து விளையாட இன்றும் நான் எடுப்பது பிஎஸ்பியைத்தான். இதில் எனக்குக் கூச்சமில்லை.

அப்படியானால் அந்தச் செங்கல்லை ஏன் தூக்கிக்கொண்டு திரிகிறேன்?

பூட்டு எங்கே இருக்கிறது

பதின்மூன்று வயதில் எனக்கு ஒரு ஆசை வந்தது. நானே ஒரு சின்ன கேம் எழுதி, அதை என் பிஎஸ்பியில் ஓட்டவேண்டும். நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொஞ்சம் படித்தேன். பிறகுதான் தெரிந்தது, எழுதினாலும் அது ஓடாது. ஏன் என்பதைப் பொறியியல் படிக்கும்போதுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

பிஎஸ்பி எந்த நிரலை ஓட்டுவதற்கு முன்பும் அதில் சோனியின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கும். கையொப்பம் போடும் சாவி நிறுவனத்திடம் மட்டும் இருக்கும். சரிபார்க்கும் வேலை கருவிக்குள் நடக்கும். கையொப்பம் இல்லையென்றால் கதவு திறக்காது. 2004 டிசம்பரில் ஜப்பானில் வந்த முதல் பதிப்பு மட்டும் கையொப்பம் இல்லாத நிரலையும் ஓட்டியது. அடுத்தடுத்த மேம்பாடுகளில் அந்த ஓட்டைகளை அடைத்தார்கள். ஹேக்கர்கள் வேறு ஓட்டை கண்டுபிடிப்பார்கள், மறுபடி அடைப்பார்கள். 2007-இல் ஒரு வேடிக்கை நடந்தது. பேட்டரிக்குள் இருக்கும் தொடர் எண்ணை மாற்றினால், பிஎஸ்பி அதைப் பழுதுபார்ப்பவர்களின் பேட்டரி என்று நினைத்து, மெமரி ஸ்டிக்கிலிருந்து தொடங்கிவிடும். அந்தத் தந்திரத்துக்கு ஹேக்கர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'பண்டோரா பேட்டரி'. இந்தக் கறுப்புப் பெட்டிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை, பெயர்ப் பொருத்தம்தான். பிஎஸ்பி-3000-இல் அந்தத் தந்திரம் பலிக்காது. வேறு வழிகள் பிறகு வந்தன. ஆனால் அதில் கை வைத்தால் கருவி செத்துப் போகலாம் என்று பள்ளித் தோழன் பயமுறுத்தினான். அப்பா இருநூறு ரிங்கிட்டை நினைவுபடுத்தினார். நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அடுத்து நிரல் எழுத உட்கார்ந்தது ஆறு வருஷம் கழித்து.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. கேம் கருவி வியாபாரத்தில் லாபத்தின் பெரும்பகுதி விளையாட்டுகளை விற்பதில்தான் இருக்கிறது. பூட்டு உடைந்தால் திருட்டு நகல் பெருகும். நம்ம ஊரில் அது பெருகியதை நானே பார்த்திருக்கிறேன். பிஎஸ்பி வாங்கினால் மெமரி ஸ்டிக் நிறைய கேம் போட்டுக் கொடுத்த கடைகள் உண்டு. பூட்டை உடைத்தவர்களில் சொந்தமாக நிரல் எழுதியவர்கள் எத்தனை பேர், ஓசியில் விளையாடியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் நாம் தலை குனியவேண்டும். அதனால் தம்பி தங்கைகளே, ஓப்பன் என்றால் ஓசி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

பூட்டின் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். பிஎஸ்பியின் செயலி 333 மெகாஹெர்ட்ஸ் என்று சொன்னேன் அல்லவா? 2007 வரை விளையாட்டுகளுக்கு 222 மட்டும்தான் அனுமதி. அந்த ஆண்டு வந்த 3.50 மேம்பாட்டில்தான் முழு வேகத்தைத் திறந்துவிட்டார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. சிப் செலவழிக்கும் மின்திறன் அதன் வேகத்துக்கும், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் ஏற்பக் கூடும். மின்னழுத்தத்தைத் தொடாமல் 222-இலிருந்து 333-க்குப் போனாலே அது ஒன்றரை மடங்கு. சின்ன பேட்டரி தாங்கவேண்டுமே! ஆனால் பேட்டரி முக்கியமா வேகம் முக்கியமா என்ற முடிவு வாங்கியவனுடையது இல்லை. பண்டோராவில் அதே முடிவு என் கையில். வேகத்தைக் குறைத்து எழுத்து வேலை பார்க்கலாம், 800 வரை ஏற்றிச் சூடு எப்படி என்று கையை வைத்தும் பார்க்கலாம். மைக்ரோபிராசசர் பாடத்தில் விரிவுரையாளர் அந்தச் சூத்திரத்தைப் பலகையில் எழுதியபோது, வகுப்பில் அதை உள்ளங்கையில் உணர்ந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

பண்டோரா ஓடுவது லினக்ஸில், அதிலும் ஆங்ஸ்ட்ரோம் என்ற வகையில். 'திறந்த மூலம்' என்றால், மனிதன் எழுதிய மூலநிரல் எல்லாரும் படிக்கும்படி, திருத்தும்படி, திருத்தியதைப் பகிரும்படி வெளியே இருக்கிறது என்று பொருள். லினக்ஸின் உரிமத்தில் ஒரு கடமையும் சேர்ந்தே வரும். திருத்தியதை மற்றவருக்குக் கொடுத்தால் உன் மூலநிரலையும் கேட்டால் கொடுக்கவேண்டும். மென்பொருள் சேர்ப்பதும் எளிது. பிஎன்டி என்று முடியும் ஒரே கோப்பை எஸ்டி கார்டில் உரிய இடத்தில் போட்டால் மெனுவில் வந்துவிடும். வேண்டாமா, கோப்பை அழித்துவிடு. யாரிடமும் கையொப்பம் வாங்கவேண்டாம்.

முழுக்க முழுக்கத் திறந்ததா என்றால், இல்லை. படம் வரையும் பவர்விஆர் பகுதியின் டிரைவர் மூடிய பெட்டிதான். ஆனால் ஓமாப் சிப்பின் கையேட்டை நிறுவனமே வெளியிட்டது. பீகிள்போர்டு என்ற திறந்த வன்பொருள் பலகையிலும் அதே சிப்தான். பழுது வந்தால் படித்துப் பார்க்க ஏதாவது இருக்கிறது.

காத்திருந்தவர்கள்

இதைச் சொல்லாமல் விட்டால் நான் விளம்பரம் எழுதியதாக ஆகிவிடும். கொரியாவில் 2005-இல் வந்த ஜிபி2எக்ஸ் என்ற லினக்ஸ் கேம் கருவியை பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் விற்றுக்கொண்டிருந்த சிலரும், அதன் ரசிகர்களும் சேர்ந்து, இனி நாமே ஒன்று செய்வோம் என்று கிளம்பியதுதான் பண்டோரா. பெரிய தொழிற்சாலை கிடையாது, பெரிய முதலீடும் கிடையாது. முதல் சுற்றில் 4000 கருவிகள், முன்பதிவு செய்தவர்கள் கட்டிய பணம்தான் மூலதனம். 2008 இறுதிக்குள் கைக்கு வரும் என்று நம்பிக் கட்டினார்கள். முதல் கருவி அனுப்பப்பட்டது 2010 மே மாதம்! வெளிக்கூட்டுக்கான அச்சு சரியாக வரவில்லை, குட்டி ஜாய்ஸ்டிக்கில் சிக்கல், பிறகு பலகைகளில் கோளாறு. உற்பத்தி ஜெர்மனிக்கு மாறியது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அடுத்ததாக வந்த பைராவும் அப்படித்தான், 2016-இல் முன்பதிவு, கைக்கு வரத் தொடங்கியது 2020 இறுதியில்.

மறுபக்கம் பிஎஸ்பி உலகம் முழுக்க ஏறக்குறைய 80 மில்லியன் விற்றது. அப்போது கடைக்குப் போனால் கிடைத்தது. பூட்டுக்குப் பதிலாக நமக்குக் கிடைப்பது அந்த நிச்சயம். திறந்த கருவிக்கு நாம் கொடுப்பது பொறுமை. சில சமயம் பணமும் போகும். வகுப்பில் 'திறந்த மூலம் நல்லது' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இந்தக் காத்திருப்பைக் கணக்கில் எடுப்பதே இல்லை, அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

ஆனால் பூட்டியதும் என்றென்றைக்கும் இல்லை. 2021 ஜூலையில் பிஎஸ்பியிலேயே விளையாட்டு வாங்கும் வசதியை சோனி நிறுத்திவிட்டது. இன்று அந்த விளையாட்டுகளைக் கணினியிலும் கைப்பேசியிலும் ஓட வைப்பது 2012-இல் வெளிவந்த பிபிஎஸ்எஸ்பிபி என்ற எமுலேட்டர். அது திறந்த மூலம்.

கொம்பு பின்னால் நின்ற கதை

இனி அந்தச் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு திரியும் காரணம். நம் ஞாயிறு வகுப்பில் சின்னப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்து தடுமாறுகிறது. மேலிருந்து எழுத்து விழும், சரியான பட்டனை அழுத்திப் பிடிக்கவேண்டும், அப்படி ஒரு விளையாட்டு எழுதினால் என்ன என்று தோன்றியது. பிஎஸ்பியின் மொழிப் பட்டியலில் ஜப்பான், கொரியா, ரஷ்யா எல்லாம் இருக்கிறது, தமிழ் இல்லை. நாம் சேர்க்கவும் வழியில்லை. பண்டோராவில் ஒரு தமிழ் எழுத்துருக் கோப்பைப் போட்டு, பைதானில் எழுதி, ஒரே சாயங்காலத்தில் எழுத்துகளை விழ வைத்துவிட்டேன். பதின்மூன்று வயதில் மூடிய புத்தகம் அன்றைக்குத்தான் திறந்தது.

சந்தோஷம் பத்து நிமிடம். அப்புறம் பார்த்தால் 'மலை'யில் 'ல' முந்திக்கொண்டது, கொம்பு பின்னால் நின்றது. காரணம் இதுதான். யூனிகோடில் 'கெ' என்று எழுதும்போது முதலில் 'க', அடுத்து ஒற்றைக் கொம்பு என்று சேமிக்கிறோம். அதை இடம் மாற்றிக் காட்டுவது வரையும் மென்பொருளின் வேலை. நான் பயன்படுத்திய பழைய நூலகத்துக்கு அந்த வேலை தெரியாது, வந்த வரிசையில் வரைந்துவிடும். சரி, நானே மாற்றினேன். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு மூன்றையும் எழுத்துக்கு முன்னால் தள்ளவேண்டும். 'கொ' வந்தால் அதைக் கொம்பு, 'க', கால் என்று மூன்றாகப் பிரிக்கவேண்டும். பதினைந்து வரி நிரல். புள்ளி மட்டும் இன்னும் கொஞ்சம் விலகித்தான் நிற்கிறது.

உகரம் அப்படி மசியவில்லை. 'கு', 'சு', 'மு' ஒவ்வொன்றும் தனி வடிவம், இடம் மாற்றி வராது. 'டி', 'டீ'யும் அப்படித்தான். ஆக உகர வரிசை 18, ஊகார வரிசை 18, இந்த இரண்டு, மொத்தம் 38 எழுத்துகளைப் படமாகவே வரைந்து சேர்க்கவேண்டும். செமஸ்டர் நடுவில் எனக்கு நேரமில்லை.

"எது பெஸ்ட்" என்று கேட்ட தம்பிக்கு வரைய வரும். பஸ்ஸை விட்ட அன்றே பண்டோராவை அவன் கையில் கொடுத்துவிட்டேன், கீபோர்டு சின்னது என்று முதலில் முனகினான். உகர வரிசை முடிந்துவிட்டது. போன ஞாயிறு ஊகாரத்தில் இரண்டாவது எழுத்துக்கு வந்திருந்தான். "அண்ணே, 'ஙூ' எந்தச் சொல்லுல வரும்? இதையும் வரையணுமா?" என்றான். எனக்கும் ஒரு சொல்லும் ஞாபகம் வரவில்லை. வரைந்து வை என்று சொல்லியிருக்கிறேன்.