படுத்த நேரமும் தூங்கிய நேரமும்

அன்புள்ள தம்பிக்கு,

ராயகிரியிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. "பத்து மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறேன். ஏழு மணி நேரத் தூக்கம் போதாதா ஐயா?" என்று கேட்டிருக்கிறாய். போதுமா என்பது இருக்கட்டும். ஏழு மணி நேரம் தூங்கினாய் என்று யார் சொன்னது? நீ கணக்கிட்டது பாயில் கிடந்த நேரத்தை. படித்தவர்களே இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதைப் பார்த்தால் எனக்குப் பொறுப்பதில்லை.

நான் எல்லாரிடமும் சொல்லிவரும் சென்னை ஆய்வு ஒன்று உண்டு. கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக் உள்ளிட்ட ஐந்து பொருளியலாளர்கள் 2021-இல் வெளியிட்டது. வருமானம் குறைந்த 452 பேரின் மணிக்கட்டில் ஆக்டிகிராஃப் என்னும் கருவியைக் கட்டினார்கள். கை அசைவைப் பதிந்து, அதிலிருந்து தூக்கத்தைக் கணிக்கும் கருவி அது. அந்த 452 பேரும் இரவில் படுத்திருந்தது சராசரியாகச் சுமார் 8 மணி நேரம். தூங்கியது ஐந்தரை மணி நேரம்தான்! வெக்கை, கொசு, தெருச் சத்தம் என்று விழிப்பு வந்துகொண்டே இருந்தது. கண்மறைப்பு, காதடைப்பான், மெத்தை எல்லாம் கொடுத்து இரவுத் தூக்கத்தை 27 நிமிடம் கூட்டிப் பார்த்தார்கள். வேலைத்திறன் கூடவில்லை. பகலில் அமைதியான இடத்தில் குட்டித் தூக்கம் போட அரைமணி நேரம் கொடுக்கப்பட்டவர்களுக்கோ கூடியது. துண்டுதுண்டான தூக்கத்தை எவ்வளவு நீட்டினாலும் பயன் குறைவு என்பது என் துணிபு.

கருவியும் ஏமாறும். அசையாமல் விழித்துக் கிடந்தால் அதையும் தூக்கம் என்றே எழுதிக்கொள்ளும். மூளையின் மின்னலைகளைப் பதிந்து, 30 விநாடிக்கு ஒரு பகுதியாகப் பார்த்துக் குறிப்பதே உறுதியான முறை. செல்போன் செயலி காட்டும் எண்ணை வைத்துக்கொண்டு என்னிடம் வாதாட வராதே.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன், பகல் வெளிச்சமோ கடிகாரமோ எட்டாத அறையில் ஆட்களைத் தங்கவைத்து அவர்களின் தூக்கத்தையும் விழிப்பையும் ஆராய்ந்தார். அவர் எழுதியவற்றைப் படித்த பிறகுதான் எனக்குத் தூக்க ஆராய்ச்சியில் ஆர்வம் பிறந்தது.

இனி உன்னைப் போன்ற பதின்ம வயதினருக்கு வருகிறேன். தூக்க ஆராய்ச்சியாளர் மேரி கார்ஸ்கடன் 1976-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கோடைக்காலத் தூக்க முகாம் தொடங்கினார். இரவு பத்து முதல் காலை எட்டு வரை பிள்ளைகளைப் படுக்கவைத்து மின்னலைகளைப் பதிந்தார். வளர வளரத் தூக்கம் குறையும் என்பது எதிர்பார்ப்பு. குறையவில்லை, பதின்ம வயதிலும் சுமார் ஒன்பதே கால் மணி நேரம் தூங்கினார்கள். அப்படித் தூங்கியும் பருவமெய்திய பிள்ளைகளுக்குப் பகலில் தூக்கக் கலக்கம் கூடுதல். "வயசுப் பிள்ளைக்கு என்ன தூக்கம்" என்று திட்டி நாலு மணிக்கே எழுப்பிவிடும் பெரியவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தேவை என்பதே மருத்துவர்களின் பரிந்துரை.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிவா. படுத்த நேரம், கண்ணயர்ந்ததாகத் தோன்றும் நேரம், இடையில் விழித்தது, எழுந்த நேரம் என நான்கு பத்தி போதும். ராத்திரியில் கடிகாரம் பார்க்காதே, காலையில் எழுது. பள்ளி நாளையும் விடுமுறையையும் தனித்தனியாகக் கூட்டு. விடுமுறையில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கியிருந்தால், வாரம் முழுக்க உனக்குத் தூக்கம் போதவில்லை என்று பொருள். நோட்டை அனுப்பு, உன் கேள்விக்கு அதை வைத்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்